கடைசிப் பத்து நிமிஷம்

வலிக்கா தம்பி? முதல் நாள் அப்படித்தான் இருக்கும். ஊசி குத்துறதைப் பாக்காதீங்க. மேல ஃபேனைப் பாருங்க. ஜெபா சிஸ்டருக்கு நல்ல கை, ரெண்டே குத்து, முடிஞ்சிட்டு. இனி நாலு மணி நேரம் நம்மளுக்கு ஒரு ஜோலியும் கிடையாது. ரத்தம் அதுபாட்டுக்கு வெளிய போகும், மிஷின்ல சுத்தமாகி உள்ள வரும். இடது கையை மட்டும் ஆட்டிராதீங்க. ஆட்டுனா மிஷின் கத்தும். மிஷினாவது கொஞ்ச நேரத்துல நிறுத்திரும், ஜெபா சிஸ்டர் நிறுத்தாது.

என் பேரு நாறும்பூநாதன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். உங்களுக்கு செங்கோட்டைன்னுதானே சொன்னீங்க? உங்க ஊரு வண்டியை எத்தனை தடவை விசில் ஊதி அனுப்பியிருக்கேன். இந்த சென்டருக்கு வர ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகப்போகுது. திங்கள், புதன், வெள்ளி. காலையில ஆறரைக்குக் கட்டில்ல ஏறுனா பத்தரைக்கு இறக்கிவிட்டிருவாங்க. டிரஸ்ட்டு நடத்துத இடம், நல்லாத்தான் பாக்காங்க.

நீங்க படுத்திருக்கிற கட்டில் இருக்கே, அது மசூது பாய் கட்டில். போன மாசம் வரைக்கும் அவருதான் அதுல படுத்திருந்தாரு. கடையநல்லூர்க்காரரு, லுங்கி வியாபாரம். ஆளு பாக்க ரொம்ப சாது மாதிரி இருப்பாரு. எனக்குப் பண்ணுனது இருக்கே, அதை யார்கிட்டயாவது சொல்லாம எனக்கு ஆறாது. நீங்களும் புதுசு. நேரம் போகணும். கேளுங்க.

அந்தா சுவத்துல டிவி இருக்கா, கீழ ஒரு டிவிடி பெட்டி. பாவூர்சத்திரத்துல ஒருத்தர் அவங்க அப்பா ஞாபகமா வாங்கிக் கொடுத்தாரு. கூடவே ஒரு பை நிறைய சிடி. பாதி உடைஞ்சது. மீதியில பாதி பக்திப் பாட்டு. ஒண்ணு யாரோட கல்யாண வீடியோவோ, தெரியாமப் போட்டுட்டாங்க போல. அதை கோமதியக்கா ரெண்டு தடவை பாத்தாங்க. இந்தா எதிர்க் கட்டில்ல தூங்குதாங்களே, அவங்கதான். மூக்குத்தி போட்ட அத்தை முகம் கொடுத்தே பேசல, ஏதோ மனச்சடவு இருக்குன்னு சொன்னாங்க. பீடி சுத்துற கை, கை சும்மா இருந்தா வாய் சும்மா இருக்காது அவங்களுக்கு.

அந்தப் பையில ஒரே ஒரு சினிமாப் படம்தான் ஓடுச்சு. 'துரோகி நம்பர் நாலு'. வெள்ளைக்காரன் படம், தமிழ்ல பேசவிட்டது. உளவாளிப் படம்.

கதை என்னன்னா, ஒரு உளவுத்துறை ஆபீஸ். அங்க நாலு பேரு. ரிச்சர்டுன்னு கதாநாயகன். அவனுக்கு மேல ஒரு மொட்டைத்தலை அதிகாரி. காலை விந்தி விந்தி நடந்து ஃபைல் தூக்கிட்டு வார குண்டன் ஒருத்தன். நாலாவது, ரிச்சர்டோட பொண்டாட்டி, அவளும் அங்கதான் வேலை. படம் ஆரம்பிச்ச உடனே அவ கார் வெடிச்சு செத்துப்போறா. இந்த நாலு பேருல ஒருத்தர் நாட்டு ரகசியத்தை எதிரிக்குக் கொடுத்திருதாங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும். இவ்வளவுதான் கதை. ஆனா கால்மணிக்கு ஒரு தடவை கதையைத் திருப்பிப் போட்டிருவான். நல்லவன்னு நினைச்சவன் கெட்டவன், கெட்டவன்னு நினைச்சவன் வேஷம் போட்ட நல்லவன். செத்துப்போன பொண்டாட்டி பாதிப் படத்துல கதவைத் திறந்துட்டு உள்ள வாரா. இந்த நாலு கட்டில்காரங்களும் முதல் நாள் பாக்கும்போது ஒருத்தருக்கும் பிரஷர் இறங்கல, கால் மரத்துப்போகல, ஜெபா சிஸ்டரே ஊசியைக் கையில வச்சுக்கிட்டு டிவியைப் பாத்துட்டு நின்னுச்சு.

கடைசியில ஒரு பாலம். மழை கொட்டுது. ஒருத்தன் கோட்டு போட்டு, தொப்பி போட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கான், ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியல. அவன்தான் துரோகி. ரிச்சர்டு துப்பாக்கியை நீட்டி, "திரும்பு"ங்கான். அவன் மெதுவாத் திரும்புதான். பாதி திரும்பிட்டான் தம்பி. காது தெரியுது. அப்படியே நின்னுட்டு. கட்டம் கட்டமாப் போயி நின்னுட்டு.

சிஸ்டர் சிடியை எடுத்துப் பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டுத் துடைச்சுப் போட்டுது. அதே இடம், அதே காது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாச்சு. அட்டையில நூத்தி நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கான். நின்னது நூத்தி முப்பதுல. நான் டைம்கீப்பர்லா, முதல்ல அதைத்தான் பாத்தேன். பாக்கி பத்து நிமிஷம்.

அன்னைக்கு ஆரம்பிச்சுது சண்டை.

நான் சொன்னேன், மொட்டைத்தலைதான் துரோகி. அதுல சந்தேகமே கிடையாது. நானும் முப்பது வருஷம் அதிகாரிகளுக்குக் கீழ வேலை பாத்தவன். எல்லார்கிட்டயும் அவ்வளவு சிரிச்சுப் பேசுத அதிகாரி யோக்கியனா இருக்க முடியாது.

கோமதியக்கா, அந்தப் பொண்டாட்டிதான்னாங்க. "செத்தவ திரும்பி வந்திருக்கா. புருஷன் எலும்பும் தோலுமா நிக்கான். ஒரு வாய் சாப்பிட்டியான்னு கேட்டாளா? நேரா வந்து சாவியைக் கேக்கா. அவளேதான்." அவங்க நியாயம் அவங்களுக்கு.

சன்னல் ஓரத்துக் கட்டில்ல புத்தகம் படிக்காங்களே, ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தவங்க. அவங்களுக்குப் படமே பிடிக்கல. "பாக்குதவங்களுக்கு ஒரு துப்பும் கொடுக்காம கடைசியில யாரையாவது ஒருத்தரைக் காட்டி நீதான்னு சொல்லுறது, வழியே எழுதாம விடையை மட்டும் எழுதுற மாதிரி. நான் மார்க் போட மாட்டேன்"னாங்க. பிடிக்கல பிடிக்கலன்னு சொல்லிக்கிட்டே, போடுத போதெல்லாம் பாத்தாங்க. டீச்சர் சிரிக்காங்க பாருங்க, காதுல விழுது அவங்களுக்கு.

மசூது பாய் எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "ரிச்சர்டுதான் துரோகி"ங்காரு.

"ரிச்சர்டுதானே ஓய் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிக்கான். எதிர்ல முதுகைக் காட்டிட்டு நிக்கிறவன் யாரு?"

"அவனுக்கு என்ன அண்ணாச்சி, அவன் மழைக்கு நிக்கான்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மழைக்கு எவனாவது பாலத்து மேல நிப்பானா? கீழல்லா நிப்பான்? கேட்டேன். "பஸ்ஸுக்கு விசில் ஊதுன ஆளுக்கு உளவாளிப் படம் எங்க புரியப்போகுது"ன்னாரு. "லுங்கி மடிச்ச ஆளுக்கு மட்டும் புரிஞ்சிட்டாக்கும்"னு நானும் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் பேச்சு கிடையாது. ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் எவ்வளவு தூரம், நீங்களே பாருங்க, கையை நீட்டுனா தொட்டிரலாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன், அவரு இந்தப் பக்கம். சிஸ்டர்கிட்ட சொல்லி ஃபேனைக் குறைக்கச் சொல்லுவேன், அவரு சிஸ்டர்கிட்ட சொல்லிக் கூட்டச் சொல்லுவாரு.

இதுக்கு நடுவுல எனக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை சில நேரம் வர மாட்டேன். என்னத்துக்கு வரணும்? ஒரு நாள் விட்டா என்ன ஆகிரப்போகுது. வீட்டுல அவ போயி அப்பத்தான் ஒரு வருஷம். மகன் புனேயில இருக்கான், ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், நல்லாருக்கீங்களாப்பான்னு கேப்பான், நல்லாருக்கேன்ப்பாம்பேன். காலையில எந்திரிச்சு சட்டையைப் போட்டு ஆட்டோ பிடிச்சு வந்து படுத்து, எதுக்குன்னு தோணும். தோணுனா திரும்பப் படுத்துக்கிடுவேன். நான் ஒண்ணும் மனசு கஷ்டத்துல அப்படிச் செய்யல தம்பி, சும்மா சோம்பேறித்தனம். வெள்ளி விட்டது, பிறகு சில திங்களும் விட்டுப்போச்சு. நீங்க அப்படிச் செய்யாதீங்க. தண்ணி உள்ள சேந்துக்கிடும். ஒரு நாளைக்கு நம்மளுக்கு ரெண்டு டம்ளர்தான் அளவு, சொல்லியிருப்பாங்க.

அப்படி ஒரு தடவை சேந்தாப்புல ரெண்டு நாள் விட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டு வந்து போட்டாங்க. முகம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடந்துச்சாம். மூச்சு விட முடியல. ஜெபா சிஸ்டர் அழுதுகிட்டே ஊசி குத்துச்சுன்னு கோமதியக்கா பிறகு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கண்ணைத் திறக்கும்போது மசூது பாய் என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரு. என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சண்டையில இருக்கிற ஆளு எதுக்குப் பாக்கணும்? எனக்கு எரிச்சல்.

"என்ன ஓய்"னேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். எங்க மருமகன் வீட்டுல அந்தப் படத்தோட சிடி இருந்துச்சு. நேத்துப் போட்டுப் பாத்தேன். முழுசும்."

நான் எந்திரிச்சே உக்காந்துட்டேன். மிஷின் கத்துச்சு, சிஸ்டர் கத்துச்சு, படுத்துக்கிட்டேன்.

"யாரு?"

"எனக்கு இப்ப வாய் வலிக்கு. வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

வாய் வலியாம். அதுக்கு அப்புறம் அன்னைக்கே கோமதியக்காகிட்ட பேரன் சுன்னத்து கதையை ஒரு மணி நேரம் பேசுனாரு, அப்ப வலிக்கல.

சரி, வெள்ளிக்கிழமை வந்தேன். ஆறு மணிக்கே வந்து உக்காந்திருந்தேன். கேட்டா, "அண்ணாச்சி, ரிச்சர்டு துப்பாக்கியைக் கீழ இறக்கிட்டான்"ங்காரு.

"எதுக்கு?"

"திங்கக்கிழமை சொல்லுதேன்."

எப்படி இருக்கு பாருங்க. திங்கக்கிழமை வந்தா, "தொப்பியைக் கழட்டுதான்". புதன்கிழமை, "தொப்பிக்குள்ள ஒரு கடிதம் இருக்கு". வெள்ளி, "கடிதம் மழையில நனைஞ்சு எழுத்து கலைஞ்சு போச்சு". ஒரு நாளைக்கு ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுக்கு மேல கழுத்தை நெரிச்சாலும் வராது. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது, கடிதத்துல என்ன எழுதியிருந்தான்னே நினைப்பு. ஒரு நாள் வராம இருந்திரலாம்னு பாத்தேன், இந்த ஆளுக்கு ஒரு பாடம் கற்பிக்கணும்லா. ஆனா நான் வராத அன்னைக்கு முக்கியமான வரியை மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டாருன்னா? வந்துதான ஆகணும். அப்படி என்னைக் கட்டிப்போட்டுட்டாரு மனுசன். நாலு மாசம், தம்பி. ஒரு நாள் விடல நான். மழையில வந்திருக்கேன், காய்ச்சலோட வந்திருக்கேன், ஆட்டோக்காரன் ஸ்டிரைக் அன்னைக்கு நடந்து வந்திருக்கேன். டாக்டரு என் ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, என்ன அண்ணாச்சி இப்படி மாறிட்டீங்கன்னாரு. மருந்து மாத்துனீங்கள்லா அதான்னு சொன்னேன்.

ஒரு நாள் ஸ்டெல்லா டீச்சர் புத்தகத்தை மூடி வச்சிட்டு சொன்னாங்க. "அண்ணாச்சி, நான் ஒவ்வொண்ணா எண்ணிட்டு வாரேன். பாக்கி இருந்தது பத்து நிமிஷம். இவரு இதுவரைக்கும் ஒரு கடிதம், ரெண்டு படகு, ஒரு சர்ச்சு, ஒரு ஆபரேஷன், ஒரு கல்யாணம் சொல்லிட்டாரு. பத்து நிமிஷத்துல இவ்வளவு அடங்காது. இவரு அந்தப் படத்தைப் பாக்கவே இல்லன்னு நினைக்கேன்."

எனக்கு வந்துச்சே கோவம். "டீச்சர், பாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஆயிரம் இருக்கட்டும், பொய் சொல்லுத ஆளு கிடையாது அவரு. பாத்தேன்னா பாத்திருப்பாரு. வேகமா ஓடுற படம், அடங்கும்"னேன்.

டீச்சர் பாயைப் பாத்தாங்க. பாய் ஃபேனைப் பாத்தாரு. ரெண்டு பேர் முகத்துலயும் ஒரு சிரிப்பு. எனக்கு ஒண்ணும் புரியல. ஒருவேளை டீச்சருக்கு மட்டும் முன்னாலயே முடிவைச் சொல்லிட்டாரோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அது இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

எம்மவன்கிட்ட ஒரு தடவை போன்ல இதைச் சொன்னேன். "அப்பா, அது ஒரு விஷயமா, பேரைச் சொல்லுங்க, நான் அந்த சிடியைத் தேடி வாங்கி அனுப்புதேன்"னான். வேண்டாம்னுட்டேன். சிடியைப் போட்டுத் தெரிஞ்சுக்கிட ரொம்ப நேரமா ஆகும்? அது பெருசில்ல. அந்த ஆளு வாயால வரணும். "அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி, மொட்டைத்தலைதான்"னு அவரு வாயால சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவும். அதுக்கு அப்புறம் மகன் புதன்கிழமையும் போன் பண்ண ஆரம்பிச்சான். இன்னைக்கு என்ன சொன்னாருப்பான்னு கேப்பான். அவனுக்கும் தொத்திக்கிட்டு.

இப்படி இருக்கும்போது பாய் வீட்டுல அவங்க, மைமூன் பீவி, கிட்னி கொடுக்கேன்னுட்டாங்க. பொருத்தம் பாக்க மதுரைக்குப் போனாங்க, ரத்தம் பொருந்திட்டு, அது பொருந்திட்டு, இது பொருந்திட்டு. நாலஞ்சு தடவை பாய் இங்க வராம மதுரையிலேயே மிஷின்ல ஏறிக்கிட்டாரு. அந்த நாள்ல எனக்கு இங்க வந்து என்ன வேலை? இருந்தாலும் வந்தேன். திடீர்னு திரும்பி வந்திட்டாருன்னா? கட்டில் காலியாக் கிடக்கும். அதைப் பாத்துக்கிட்டு படுத்திருப்பேன். மிஷின் ஓடாம சும்மா நிக்கிறதைப் பாக்க எனக்கு என்னவோ பிடிக்கிறதில்ல.

ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. கடைசியா இங்க வந்தது ஒரு திங்கக்கிழமை. கோமதியக்கா பாய்க்காக கோமதியம்மன் கோயில்ல புத்து மண்ணு பிரசாதம் எடுத்துட்டு வந்திருந்தாங்க. பாய் அதை வாங்கி சட்டைப் பையில பத்திரமா வச்சுக்கிட்டாரு. டீச்சர் ஒரு ஜெப அட்டை கொடுத்தாங்க, அதையும் வச்சுக்கிட்டாரு. நான் ஒண்ணும் கொண்டு வரல. எனக்கு வேற கணக்கு இருந்துச்சு.

"பாய், இன்னைக்கு சொல்லிரும். யாரு துரோகி?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி."

"நீரு வராமப் போயிட்டா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கே தெரியும். வாயில வந்துட்டு. கோமதியக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஜெபா சிஸ்டர் டேப்பைக் கிழிச்சுக்கிட்டு இருந்தது நின்னுட்டு.

பாய் என் பக்கம் திரும்புனாரு. பிறகு ஊசி இல்லாத கையை நீட்டி என் கையைப் பிடிச்சாரு. அவரு கை சில்லுன்னு இருந்துச்சு. பயந்துட்டாரு போல, பாவம்.

"நான் வருவேன். வந்து சொல்லும்போது நீங்க இங்க இருக்கணும். ஒரு நாள் விட்டாலும் சொல்ல மாட்டேன். ஜெபாகிட்ட வந்த தேதி எழுதுற நோட்டைக் காட்டச் சொல்லிப் பாப்பேன். ஒரு நாள் கூட விடக்கூடாது. சரியா?"

என்ன அதிகாரம் பாருங்க. நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதும் வராததும் என் விருப்பம். இவரு என்ன எனக்கு மொட்டைத்தலை அதிகாரியா? ஆனாலும் பெரிய ஆபரேஷனுக்குப் போற மனுசன், சரி சரின்னு சொல்லி வச்சேன்.

ஆபரேஷன் புதன்கிழமை. நாங்க மூணு பேரும் இங்க மிஷின்ல. டிவி போடல. எட்டு மணிக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்கன்னு பாயோட மருமகன் ஜெபா சிஸ்டருக்கு போன் பண்ணுனாரு. அன்னைக்கு எனக்கு பிரஷர் கன்னாபின்னான்னு இறங்கிட்டு. கண்ணு இருட்டுது, காலை நரம்பு இழுக்குது. சிஸ்டர் காலைத் தூக்கி வச்சு, ஏன் அண்ணாச்சி இப்படிக் கவலைப்படுதீங்கன்னுச்சு. கவலையா? எனக்கா? காலையில இட்லி கூட ஒண்ணு சாப்பிட்டுட்டேன், அதான்னேன். சாப்பிடவே இல்லையே, டப்பா அப்படியே இருக்கேன்னுச்சு. சில பேருக்கு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கிற வேலை.

பத்தரைக்கு எங்களை இறக்கிட்டாங்க. யாரும் வீட்டுக்குப் போகல. வெளிய பெஞ்சில உக்காந்திருந்தோம், மூணு பேரும், கையில பஞ்சை அமுக்கிக்கிட்டு. மத்தியானம் ஒண்ணே காலுக்குப் போன் வந்துச்சு. மைமூன் நல்லாருக்காங்க. பாயும் நல்லாருக்காரு. வச்ச கிட்னி மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பிச்சிட்டாம். கோமதியக்கா முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழுதாங்க. டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சாங்க. எனக்கு வயிறு பசிச்சுது. இட்லி டப்பாவைத் திறந்து அஞ்சையும் அங்கேயே உக்காந்து தின்னுட்டேன்.

அதுக்கு மூணு வாரம் கழிச்சு, அதாவது போன செவ்வாய்க்கிழமை, நான் மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பிடிச்சுத் தங்கியிருக்காங்க, ரெண்டு மூணு மாசம் அங்கதான் இருக்கணுமாம். எதுக்குப் போனேன்னா, முடிவைக் கேக்க. வேற ஒண்ணும் இல்ல. இனி அவரு இந்தக் கட்டிலுக்கு வரப்போறதில்ல, வரவும் வேண்டாம். அப்ப எனக்கு யாரு சொல்லுவா? சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணும்லா. நான் ஒரு நாள் கூட விடல. ஜெபா சிஸ்டர் நோட்டுலயே இருக்கு. பாப்பேன்னு சொன்னாருல்லா, அந்தப் பக்கத்தை சிஸ்டரையே போட்டோ எடுத்துத் தரச் சொல்லி செல்போன்ல கொண்டுபோனேன்.

நாலு மணி நேர பஸ்ஸு. வழி முழுக்க எப்படிக் கேக்கணும்னு பேசிப் பேசிப் பாத்துக்கிட்டேன். முதல்ல நலம் விசாரிக்கக் கூடாது, விசாரிச்சா பேச்சை மாத்திருவாரு. நேரா, "ஓய், யாரு?" அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ள விடல. தொத்து வந்திருமாம். வாசல்ல ஒரு நாற்காலி போட்டு, என் மூக்குக்கும் ஒரு துணியைக் கட்டிவிட்டு உக்கார வச்சாங்க. பாய் உள்ள கட்டில்ல, பத்தடி தள்ளி. அவரு மூக்குலயும் துணி. மைமூன் பீவி ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல நடந்து வந்தாங்க. "வாங்கண்ணே, பஸ்ஸுல அலுப்பா இருந்துச்சா"ன்னாங்க. அவங்க உடம்புல பாதியை எடுத்துக் கொடுத்துட்டு என்னை அலுப்பான்னு கேக்காங்க.

அவங்க கையில ஒரு செம்பு. ஒரு லிட்டர் பிடிக்கும். பாய்கிட்ட கொடுத்தாங்க. "டாக்டரு மூணு லிட்டரு குடிக்கச் சொல்லியிருக்காரு, இவுக பாதிக்கு மேல குடிக்க மாட்டேங்காக. பழக்கம் விட்டுப்போச்சாம்"னாங்க.

பாய் துணியைக் கீழ இறக்குனாரு. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிச்சாரு. தொண்டை மேலயும் கீழயும் போகுது. நிறுத்தல. நானும் அவரும் கிட்டத்தட்ட மூணு வருஷம் பக்கத்துல பக்கத்துல படுத்திருந்தோம் தம்பி. நாக்கு ஒட்டும்போது ஐஸ் கட்டியை உடைச்சு ஆளுக்குப் பாதி வாயில போட்டுக்கிட்டவங்க. ஒரு ஆளு அவ்வளவு தண்ணியை ஒரே மூச்சுல குடிக்கிறதை நான் மறந்தே போயிருந்தேன். அவரு குடிக்கக் குடிக்க எனக்கு இங்க நெஞ்சு குளுந்துக்கிட்டு வருது. முழுச் செம்பும் குடிச்சிட்டு கீழ வச்சாரு. தாடியில ரெண்டு சொட்டு நின்னுச்சு.

"ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டரு ஒண்ணுக்குப் போறேன் அண்ணாச்சி"ன்னாரு. பரீட்சையில முதல் மார்க் வாங்குன மாதிரி சொல்லுதாரு. நம்மளுக்கெல்லாம் அரை டம்ளரு வந்தாலே பெருசுலா.

"ரெண்டரையா?"

"ரெண்டரை. அளந்து எழுதி வைக்காங்க."

"நிறம்?"

"சுத்தமான மஞ்சள். எலுமிச்சை மாதிரி."

அதையே அரை மணி நேரம் பேசுனோம். மைமூன் பீவி சிரிச்சு சிரிச்சு, தையல் வலிக்குன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. பிறகு கோமதியக்காவைப் பத்திக் கேட்டாரு, டீச்சரைப் பத்திக் கேட்டாரு. என் செல்போனை வாங்கிப் பாக்க முடியாதுலா, தொடக்கூடாது, அதனால நான் வாசல்ல இருந்தே நோட்டுப் படத்தைத் தூக்கிக் காட்டுனேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஒவ்வொரு தேதியா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. எல்லாத்தையும் வாசிச்சேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. "உங்களுக்கும் மகன்கிட்ட சொல்லி கிட்னிக்குப் பெயர் பதிஞ்சு வைங்க அண்ணாச்சி, அரசாங்கத்துல வரிசை இருக்கு, கிடைக்கும்"னாரு. சரின்னேன். பதியவும் செஞ்சாச்சு, நேத்து மகன் வந்து கூட்டிட்டுப் போயிப் பதிஞ்சான். மூணு மணி வண்டியைப் பிடிக்கணும்னு எந்திரிச்சேன். அவரு கையைத் தூக்கிக் காட்டுனாரு, நானும் காட்டுனேன். வந்துட்டேன்.

திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழையுது. பால்கோவா விக்கிறவன் சன்னல் பக்கம் வந்து கத்துதான். அப்பத்தான் பொட்டுன்னு உறைச்சுது.

கேக்கவே இல்ல.

நாலு மணி நேரம் பஸ்ஸுல போயி, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் உக்காந்து, ஒண்ணுக்கு என்ன நிறம்னு கேட்டிருக்கேன், யாரு துரோகின்னு கேக்கல. எப்படி மறந்துச்சு? எனக்கு ஞாபக மறதி கிடையாது தம்பி, இன்னைக்கும் தொண்ணூத்தெட்டாம் வருஷத்து டைம் டேபிளை மனப்பாடமாச் சொல்லுவேன். அந்த ஆளுதான் எப்படியோ மறக்கடிச்சிட்டாரு. தண்ணியைக் குடிச்சுக் காட்டி மறக்கடிச்சிட்டாரு.

அங்கேயே இறங்கி மதுரை வண்டியில திரும்ப ஏறியிருப்பேன். ஒரு காலை படியில வச்சுட்டேன். கண்டக்டர் விசில் ஊதப் போறான், இறங்குதீங்களா இல்லையா பெரியவரேங்கான். மறுநாள் புதன்கிழமை. காலையில ஆறரைக்கு நான் இங்க கட்டில்ல இருக்கணும்லா. போ, ரைட்டுன்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன்.